தீவு ஆஸ்பத்திரியில் படித்த இங்கிலீஷ்

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வெள்ளிக்கிழமை. என் கணவர் ஓர் இரும்புப் பெட்டியைத் திறக்க முடியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டி டிவிக்குள் இருந்தது.

அவருக்குத் திண்டுக்கல் பேகம்பூரில் சின்னதாக ஒரு செல்போன் ரிப்பேர் கடை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காக அந்தத் தெருவில் முக்கால்வாசிக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். இவரும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். சாப்பிட்டுக் கை கழுவியதும் டிவி முன்னால் உட்கார்ந்தால் நாலு மணி வரைக்கும் கேம்தான். யாரோ கடையில் விற்றுவிட்டுப் போன பழைய கன்சோல் அது. கூடவே வந்த ஒரே டிஸ்க் ஒரு பேய் விளையாட்டு.

கதை இதுதான். ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவன் புயலில் படகு கவிழ்ந்து ஒரு தீவில் கரை ஒதுங்குகிறான். அங்கே பூட்டிக் கிடக்கிற பழைய ஆஸ்பத்திரி ஒன்று. உள்ளே நோயாளிகள் நடமாடுகிறார்கள், ஆனால் மனுசர்களாக இல்லை. இவனிடம் ஒரு டார்ச்சும் ஆறே ஆறு குண்டும்தான் இருக்கும். எல்லோரையும் சுட்டுத் தள்ளி ஜெயிக்கிற விளையாட்டு இல்லை அது. ஒளிந்து, ஓடி, கையில் இருக்கிறதை வைத்து உயிர் பிழைத்து வெளியே வர வேண்டும்.

"ரெண்டு வாரமா இந்தப் பெட்டிகிட்டதான் நிக்கிறேன். மூணு நம்பர் கேக்குது. ஒண்ணுமே வெளங்கல" என்றார்.

"அந்தக் கடுதாசியில ஏதாச்சும் போட்டிருக்குங்களா?" என்று கேட்டேன். செத்த நேரத்துக்கு முன்னால் ஒரு மேசை மேல் இருந்த காகிதத்தை அவன் எடுத்ததையும், திரை நிறைய எழுத்து வந்ததையும், இவர் படிக்காமலே பட்டனை அமுக்கி அதை விரட்டியதையும் பார்த்திருந்தேன்.

"அது என்னமோ இங்கிலீஷு. லெட்டர் வந்தா நான் ஒடனே தள்ளி விட்டுருவேன்."

"திருப்பி எடுங்க பார்ப்போம்."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் இங்கிலீஷுக்கும் ரொம்ப தூரம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தக்காளியும் முருங்கையும் போடுகிற வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து, பி.காம். முடித்தவள் நான். இங்கிலீஷ் பரீட்சைகளை எல்லாம் கட்டுரையை மனப்பாடம் செய்துதான் தாண்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் உன்னைப் பற்றிச் சொல் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பேரும் ஊரும் சொன்னேன். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட அம்மா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த டம்ளரை நினைத்தால் ரொம்ப நாள் காது சுட்டது.

அவர் கடுதாசியைத் திரும்ப எடுத்தார். இரவு வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தி எழுதியது. நான் போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினேன். 'ஃபர்கெட்ஃபுல்' என்றால் மறதி உள்ள. 'கம்ப்ளெய்ன்' என்றால் குறை சொல்லுதல். அரை மணி நேரம் கழித்து வாக்கியம் கூடி வந்தது. எனக்கு மறதி அதிகமாகிவிட்டது, அதனால் ஒருபோதும் குறை சொல்லாத மூன்று நோயாளிகளின் நம்பரையே பூட்டுக்கு வைத்துவிட்டேன்.

"குறையே சொல்லாத நோயாளி எங்கிட்டு இருக்கான்?" என்றார் அவர். "நம்ம ஜி.எச்.ல ஒருத்தனக் காட்டு பார்ப்போம்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டேன். "செத்தவங்க! செத்தவங்கதானுங்க குறை சொல்ல மாட்டாங்க! பொணம் வைக்கிற ரூம் எங்க இருக்குது?"

மேப்பை விரித்தார். அடித்தளத்தில் ஓர் அறை, 'மோர்க்' என்று ஒரு வார்த்தை அதில் எழுதியிருந்தது. தேடினேன். பிணவறை.

என் கணவர் அதற்கு மேல் அசையவில்லை. அவர் பயந்தாங்கொள்ளி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "அங்கிட்டெல்லாம் போக மாட்டேன் புள்ள" என்றார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனார். வரிசையாக இரும்பு இழுப்பறைகள். மூன்றில் மட்டும் சீட்டு தொங்கியது. நம்பரை நான் கத்த, அவர் திரும்பிப் பார்க்காமல் மாடிக்கு ஓடி வந்து பெட்டியில் போட, கிளிக் என்று திறந்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் சமையல்கட்டிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். அத்தை என்றால் என் மாமியார். "என்னத்தா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். பெட்டி திறந்துவிட்டது அத்தை என்றேன். அவர் டிவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கரண்டியோடு உள்ளே போனார். கல்யாணமானதிலிருந்து நானும் என் கணவரும் கட்டிப்பிடித்துக் குதித்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து வேலை இரண்டாகப் பிரிந்தது. ஓடுவது, ஒளிவது, சுடுவது அவர். படிப்பது நான்.

நான் வார்த்தைகளைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். ஒரு தாளுக்கு ஐந்து வார்த்தை. தேங்காய் துருவும்போது கண்ணில் படும். 'ரஸ்டட்' துருப்பிடித்த. 'ஹிஞ்ச்' கதவுக் கீல். 'கிராபார்' கடப்பாறை. 'ஆன்டிடோட்' விஷமுறிவு. 'பேண்டேஜ்', 'இன்ஃபெக்டட்'. ஒரு வார்த்தை கூட எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாராவது துரத்திக்கொண்டு வந்தார்கள். கல்லூரியில் முந்நூறு பக்கம் படித்தும் ஒட்டாத இங்கிலீஷ், கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கிறபோது எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கே ஆச்சரியம்.

அத்தை முதலில் எங்களைத் திட்டினார். அப்புறம் அவரைக்காய் உரிக்கிற சாக்கில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் பக்கவாட்டில் திரும்பினார். பிறகு நேராகவே உட்கார்ந்து ஆம்புலன்ஸ் டிரைவரை அதட்ட ஆரம்பித்தார். "ஏலே, அங்கிட்டு போகாதடா! இவனுக்குக் கூறு இருக்கா பாரு, இம்புட்டு இருட்டுல தனியா போறான்!" மத்த நாளிலும் காலையில் என்னிடம், "இன்னிக்கு என்ன வார்த்தைத்தா?" என்று கேட்பார். சொன்னால் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பார். அவர் ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்த வார்த்தை 'லாக்டு'. பாத்ரூம் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "லாக்டு!" என்று குரல் வரும்.

எல்லாம் சரியாகவே போனது என்று சொல்ல மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு சீட்டு கிடைத்தது. டாக்டர் 'டர்ன்டு' என்று எழுதியிருந்தது. அகராதியைப் பார்க்கவே தேவையில்லை, 'டர்ன்' எனக்குத் தெரிந்த வார்த்தை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"டாக்டர் திரும்பிட்டாராங்க" என்றேன்.

"திரும்பி வந்துட்டாரா? அப்பாடா. நம்ம ஆளு ஒருத்தராச்சும் கெடச்சாரே" என்று என் கணவர் துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். டாக்டர் மேசைக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றார். இவர் பக்கத்தில் போனார். டாக்டர் திரும்பினார். முகத்தில் பாதி இல்லை.

டாக்டர் பாய்ந்து கடித்ததில் டிரைவர் செத்து, ஒரு மணி நேர விளையாட்டு போயிற்று. அவர் கன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு, "திரும்பிட்டாரு, திரும்பிட்டாருன்னியே புள்ள! நல்லாத் திரும்புனாரு!" என்று கத்த, அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். 'டர்ன்டு' என்றால் அந்த இடத்தில் அவர்களில் ஒருவராக மாறிவிட்டார் என்று அர்த்தம். தெரிந்த வார்த்தை என்று தெனாவெட்டாக இருக்கக் கூடாது என்பதை அந்த டாக்டர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியின் அடித்தளம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற கட்டத்துக்கு வந்தபோது நாங்கள் ஒரு மாதம் அங்கேயே கிடந்தோம். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒரு பக்கம் நீளம். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த அளவுமானியில் முள் சிவப்புக்குப் போகக் கூடாது, எதை வடித்துவிட்டு எதைத் திறக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு காலண்டர் தாள் நிறைந்தது. கடைசியில் தண்ணீர் வடிந்து, அடியில் கறுப்புச் சேறும் அந்தச் சேற்றில் ஒரு கதவும் தெரிந்தபோது, அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த விளையாட்டை முடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்கப்புறம் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லி, ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் ஆபீசில் சேர்ந்தேன். உள்ளே வருகிற, வெளியே போகிற கேரட், பீட்ரூட் மூட்டைகளுக்கு கேட் பாஸ் எழுதுகிற வேலை. காலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இங்கிலீஷ் பேச வேண்டிய அவசியமே இல்லை. லாரி நம்பரும் மூட்டைக் கணக்கும் எழுதினால் போதும்.

சேர்ந்து நாலாவது மாதம், நல்ல சித்திரை வெயில், மணி பதினொன்று இருக்கும். லோடு இறக்குகிற அண்ணன் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, மெசின் சத்தம் நின்னு போச்சுங்க."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்கக் காதில் இருக்கிற அந்த இரைச்சல் இல்லை. மெஷின் ரூமுக்கு ஓடினோம். பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் பார்க்கிற ஆபரேட்டர் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று பழனிக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. மேனேஜர் வெளியே போயிருந்தார். அவருக்குப் போன் போட்டால் பக்கத்து அறையில் அவர் மேசை மேலேயே மணி அடித்தது. முதலாளியைப் பிடித்தேன். அவர் கேரளாவில் இருந்தார்.

"சர்வீஸ்காரன் நம்பர் அனுப்பறேன்மா. ஆனா அந்தாளு வடக்கத்தி ஆளு, தமிழ் ஒரு வார்த்த வராது. மேனேஜர் வந்தா பேசச் சொல்லு."

"மேனேஜர் எப்ப வருவாருன்னு தெரியலைங்க சார்."

"உள்ள இருக்கிற காய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்காதேம்மா. காலைல வேற அம்புட்டு லோடு ஏத்தியிருக்கு" என்றார். அவர் குரல் தேய்ந்துபோனது.

நம்பர் வந்தது. அந்தத் தண்ணீர் டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. இருந்தாலும் அமுக்கிவிட்டேன்.

எடுத்தவர் மெஷின் துப்பாக்கி மாதிரி இங்கிலீஷில் பேசினார். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. 'கேஜ், கேஜ்' என்று ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கேஜ் என்றால் கூண்டு. கூண்டு எங்கே இருக்கிறது இங்கே? வெட்கத்தை விட்டு, "சார், ஸ்பெல்லிங் ப்ளீஸ்" என்றேன்.

அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். "ஜி, ஏ, யு, ஜி, இ."

"கௌஜ்!" என்று நான் அலறியதில் லோடு அண்ணன் ஓரடி பின்னால் போனார்.

அது எனக்குத் தெரிந்த வார்த்தை! மாதக்கணக்கில் நான் கண்ணால் பார்த்து, மனசுக்குள் 'கௌஜ்' என்றே படித்த வார்த்தை. அடித்தளத்தில் முள் சிவப்புக்குப் போகக் கூடாத அந்த அளவுமானி வட்டம். அதை யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கேம் என்னிடம் பேசவில்லை, எழுதித்தானே காட்டியது. என்னிடம் வார்த்தை இருக்கிறது, சத்தம்தான் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அது புரிந்ததும் பயம் விட்டுப்போனது.

"ஒன் மினிட் சார்" என்று ஓடிப் பார்த்தேன். மூன்று வட்டங்களில் ஒன்றில் முள் சிவப்பில் நின்றது. "நீடில் இஸ் இன் த ரெட்!" என்றேன். என் வாழ்க்கையில் யாரும் எழுதிக் கொடுக்காமல், மனப்பாடம் செய்யாமல் நான் இங்கிலீஷில் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

அவர் குரலே மாறியது. குட், வெரி குட் என்றார். மெஷினைக் குளிர்விக்கிற தண்ணீர் வரவில்லை, பம்பு பக்கம் போ என்றார். இப்போது மெதுவாகப் பேசினார். எனக்குப் பாதி வார்த்தை காதில் விழுந்ததும் தெரிந்தது. மீதிக்கு ஸ்பெல்லிங் கேட்டேன். லீவரைக் கீழே இழு என்றார். லோடு அண்ணனிடம் காட்டினேன், அவர் இழுத்தார். வால்வை கிளாக்வைஸ் திருப்பி மூடு. "அண்ணே, கடிகாரம் சுத்தற பக்கமா திருகுங்க!" வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. "ரஸ்டட் சார்!" என்றேன். துணியைச் சுற்றி இரண்டு பேராகப் பிடியுங்கள் என்றார். இன்னொரு ஆள் ஓடி வந்து கை கொடுத்தார். மூடியது.

அடுத்து அவர் சொன்னது 'ஸ்ட்ரெய்னர்'. ஸ்பெல்லிங் கேட்டேன். சொன்னார். தெரியவில்லை. அந்தத் தீவு ஆஸ்பத்திரியில் இந்த வார்த்தை எங்கேயும் இல்லை. "ஐ டோன்ட் நோ சார்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "மேடம், டீ! டீ போடுவீங்களே, ஊத்தும்போது டீத்தூள் நிக்குமே" என்று இங்கிலீஷில் சொன்னார்.

"வடிகட்டி!" என்றேன் தமிழில்.

"யெஸ், யெஸ்!" என்றார், தமிழே தெரியாத அந்த மனுசர்.

குழாயில் தொப்பை மாதிரி வளைந்திருந்த ஓர் இடத்தில் அந்த வடிகட்டி இருந்தது. முதலில் டிரெய்ன் பண்ணு, அப்புறம் திற. தண்ணீரை வடித்துவிட்டு ஸ்பேனர் போட்டுத் திறந்தோம். உள்ளே கன்னங்கரேலென்று சேறு, இலை, செத்த பூச்சி. அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொன்னேன்: "ஃபுல் ஸ்லுட்ஜ் சார்!" அவர் சிரித்தார். ஸ்லட்ஜ் என்று திருத்தினார். ஸ்லட்ஜ், ஸ்லட்ஜ் என்று சொல்லிக்கொண்டே நான் குழாயடியில் அந்த வடிகட்டியைத் தேய்த்துக் கழுவினேன். புடவை முழங்கால் வரைக்கும் கறுப்பு.

திரும்ப மாட்டி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, லீவரை மேலே தள்ளி, பம்பு ஓட ஆரம்பித்ததும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது சிவப்பிலிருந்து மெல்ல இறங்கியது. "ரீசெட்" என்றார். பச்சைப் பட்டனை அமுக்கினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு தரை அதிர்ந்து, மெஷின் இரைய ஆரம்பித்தது. வெளியே நின்ற ஆட்கள் எல்லோரும் ஓவென்று சத்தம் போட்டார்கள். லோடு அண்ணன் தலைத்துண்டை உதறி மேலே வீசினார். போனில் அவர், நீங்கள் டெக்னீஷியனா மேடம், எங்கே ட்ரெய்னிங் எடுத்தீர்கள் என்று கேட்டார். என்ன சொல்வது? "ஹாஸ்பிட்டல் சார்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "நைஸ்" என்றார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல என் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "முள்ளு செவப்புல நின்னுச்சா? நெசமாவே நின்னுச்சா?" என்று நாலு தடவை கேட்டார். அத்தை, "அங்க பேயி கீயி ஒண்ணும் இல்லையேத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு தோசை வைத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து வெளியூர்ப் போன்களை முதலாளி என் மேசைக்கு மாற்றிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அந்த சர்வீஸ்காரர் மெஷினைப் பார்க்க நேரிலேயே வந்தார். நான் நினைத்த மாதிரி பெரிய ஆள் இல்லை. என்னை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், ஒல்லியாக இருந்தார். கை கூப்பினார். பிறகு, "ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?" என்றார்.

வார்த்தை எல்லாம் தெரியும். பதில்தான் தெரியவில்லை. தீவில் யாரும் யாரிடமும் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று கேட்டதில்லை. துரு, சேறு, பிணவறை எல்லாம் எனக்கு இங்கிலீஷில் வரும். அம்மா வீட்டுக்குப் போனேன், பணியாரம் சுட்டோம் என்பது வராது. நான் முழிப்பதைப் பார்த்து அவர் காத்திருந்தார். நான் தட்டுத் தடுமாறி, "ஐ வென்ட்... மை மதர் ஹவுஸ். வீ ஏட். வீ ஸ்லெப்ட்" என்றேன். அவர் கண்ணை அகல விரித்து, அதுதான் உலகத்திலேயே நல்ல வீக்கெண்ட் என்றார். தன் அம்மாவைப் பார்த்து ஏழு மாதமாகிறதாம். "ஐ ஆம் ஹோம்சிக்" என்றார்.

வீடு தெரியும், நோய் தெரியும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை இல்லை, வீட்டை நினைத்து ஏங்குவது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி, விளக்கிச் சொன்னார். டீ வந்தது. அவர் ஊர், அங்கே இந்த மாதத்தில் அடிக்கிற காற்று, அம்மா செய்கிற ரொட்டி என்று பேசிக்கொண்டே போனார். நான் நடுநடுவே நிறுத்தி வார்த்தை கேட்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார். நேரம் போனது தெரியவில்லை. என் ஐந்தரை மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கற்ற வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே திண்டுக்கல் வரைக்கும் நின்றே வந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னம்மா, தனியா சிரிச்சுக்கிட்டு வார?" என்று கேட்டார்.